தறிகளை நிறுத்தி என் மகளைப் படிக்க வைத்தாள்

என் மகளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவள் பத்தாவது வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எழுத்துத் தெரியாதவள் இல்லை. கடகடவென்று படிப்பாள். மனப்பாடமாக ஒப்பிப்பாள். ஆனால் அதே பாடத்தை மூடி வைத்துவிட்டு, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பாள். இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. அந்த நிம்மதியை எங்கள் ஊர் மாகாளியம்மன் எப்படித் திருப்பித் தந்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை விளக்குப் பூசையில் மற்றவர்கள் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது நான் தூண் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. அதனால் எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நாலு விசைத்தறி. என் வீட்டுக்காரர் ஓட்டுவார், கூட இரண்டு ஆட்கள். நான் தார் சுற்றுவேன். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி, தறியின் நாடாவுக்குள் போடுவார்கள்; அந்த நூல் குச்சிக்குப் பெயர் தார். எங்களுக்கு ஒரே மகள், சுகந்தி.

1996-ஆம் வருஷம் புரட்டாசி மாதம். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும், தமிழ் சொல்லித்தரும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் அவரைத் தமிழம்மா என்பார்கள். என் முன்னால் விடைத்தாளை விரித்து வைத்தார்.

"இங்க பாருங்கம்மா. மழை பொய்த்ததால் அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள்னு கேட்டிருக்கு. உங்க பொண்ணு மழை எப்படி உண்டாகுதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கா. ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனா நான் எதுக்கு மார்க் போடறது?"

"தெரியலீங்க" என்றேன்.

"மழைங்கற வார்த்தையைப் பார்த்ததும் மழையைப் பத்தித் தெரிஞ்சதைக் கொட்டிட்டா. எல்லாப் பாடத்துலயும் இப்படித்தான். புதுசா ஒரு பத்தி குடுத்துக் கேள்வி கேட்டா சுத்தமா ஒண்ணும் வரலை. வீட்டுல பாடப் புஸ்தகம் தவிர ஏதாச்சும் படிப்பாளா?"

"இல்லீங்க."

"இப்படியே போனா பப்ளிக் பரீட்சையில கரை ஏற மாட்டாம்மா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சூலூரில் ஓர் அக்கா. கண்ணம்மா அண்ணி என்று நான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன், ரமேசு, லேத்துப் பட்டறையில் வேலை. முறைப்பையன். தங்கமான பையன், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. சேதி தெரிந்ததும் அண்ணி மறுநாளே வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, ஏறாத படிப்ப எதுக்குப் போட்டு ஏத்தற? புள்ளயும் எளைச்சுப் போச்சு. தை மாசம் முடிச்சுப் போடலாம். எங்கூட்டுல வந்து ராணியாட்டம் இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் யோசித்தார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் முடிவு எடுக்க முடியாவிட்டால் அம்மனிடம் விட்டுவிடுவார்.

"அரைப் பரீட்சை வரைக்கும் பாக்கலாங்க்கா. அதுலயும் இப்படின்னா, தை மாசம் மொத வெள்ளிக்கெழம ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் போடலாம். ஆத்தா என்ன சொல்றாளோ அதான்."

பூக் கேட்பது என்றால் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். மனசில் உள்ளதை வாய்விட்டுக் கேட்பார்கள். ஒரு சின்னக் குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பெண் எடுப்பதும், கிணறு வெட்டுவதும், தறி வாங்குவதும் எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கிறது. அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சே கிடையாது. நானும் அப்படி நம்புகிறவள்தான். அதனால்தான் எனக்குப் பயம். மனுஷர் சொன்னால் கெஞ்சிப் பார்க்கலாம். ஆத்தா சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கெஞ்சுவேன்?

அதைவிடப் பெரிய இடி என் மகள் சொன்னதுதான்.

"எதுக்கும்மா பூவெல்லாம்? நானே நின்னுக்கறேன். அத்தை ஊட்டுல ஒரு புஸ்தகங்கூட இல்ல. அது ஒண்ணே போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

நான் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். டியூசனுக்கு அனுப்பினேன். அங்கே இன்னும் கொஞ்சம் மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகக் கடையில் கைடு வாங்கினேன். கைடையும் மனப்பாடம் செய்தாள். சாயங்காலம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நான் அடுப்பு வேலை முடித்து வரும்போதும் அதே பக்கம்தான் திறந்திருக்கும். "படிச்சயா?" என்றால் "படிச்சேன்". "என்ன படிச்ச?" என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். கதவு படார் என்று சாத்தும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து சன்னதி முன்னால் நின்றேன். "ஆத்தா, என் புள்ளைக்குப் படிச்சது புரியோணும். இந்தப் பங்குனிக்குப் பூவோடு எடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பூவோடு என்பது நெருப்புச் சட்டி. அதைக் கையில் ஏந்தி, ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்க்க, நடந்து வர வேண்டும். நெருப்புக்கு நான் பயப்படவில்லை. ஊர்க் கண்ணுக்குத்தான் பயம். என்னிடம் இருந்ததில் பெரிய பயத்தைத்தான் அவளுக்கு நேர்ந்துகொண்டேன்.

வேண்டிக்கொண்டு வந்த பிறகு நடந்தது என்ன தெரியுமா? தீபாவளி முடிந்து நல்ல மழை. ஒரு சாயங்காலம் இடி இடித்ததில் எங்கள் பகுதி டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. அந்தப் பக்கத்துத் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. புதுசு வர நாளாகும் என்று கரண்ட் ஆபீஸில் கைவிரித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் நின்றுபோன தறிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

எனக்கு ஆத்தா மேலேயே கோபம் வந்தது. நான் கேட்டது என்ன, நீ கொடுத்தது என்ன? அந்த வாரம் விளக்கேற்றக்கூடக் கை எழவில்லை.

ஆனால் அந்த அமைதியில்தான் எனக்குக் காது கேட்டது.

தறி ஓடுகிற வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும். காலையில் ஆரம்பிக்கிற சத்தம் ராத்திரி வரைக்கும் ஓயாது. அந்தச் சத்தத்தில் முழுசாக ஒரு பேச்சுப் பேச முடியாது. ஒரு வார்த்தை, அல்லது கைஜாடை. "டீ" என்று வாய் அசைந்தால் டீ கொண்டு போக வேண்டும். "தார்" என்றால் ஓட வேண்டும். இழை அறுந்தால் சொல்லவே வேண்டாம், பார்த்ததும் ஓட வேண்டும். என் மகள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தாள்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள் மத்தியானம். என் தம்பி தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை நிலக்கடலை வந்திருந்தது. முன்னறையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். சுகந்தி சுவரோரம் சாய்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பதை நான் அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்தின் ஆரம்பத்தையும் உரக்கச் சொல்கிறாள். முடிவு வருவதற்குள் குரல் தேய்ந்து, அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுகிறாள். யாரோ விரட்டுவது போல.

நான் தலையைத் தூக்கி, "கண்ணு, அந்தச் சொம்பு..." என்றேன்.

சட்டென்று எழுந்து ஓடி, சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். வைத்த இடத்தில் தண்ணீர் ஓடி, உரித்த கடலையெல்லாம் நனைந்தது.

"ஏம்மா ஒழுகுது?"

"அந்தச் சொம்பு ஒழுகுது, அத எடுக்காதன்னுதான் கண்ணு சொல்ல வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழை என்று பார்த்ததும் மழையைக் கொட்டினாள். சொம்பு என்று கேட்டதும் சொம்புக்கு ஓடினாள். இது மக்குத்தனம் இல்லை. சோம்பேறித்தனம் இல்லை. முதல் வார்த்தைக்கு ஓடத்தான் எங்கள் வீடு அவளைப் பழக்கியிருக்கிறது. கடைசி வார்த்தை வரைக்கும் நிற்க யாரும் பழக்கவில்லை.

இதைக் கேட்பதற்காகத்தான் ஆத்தா தறியை நிறுத்தினாள் என்று அந்த நிமிஷம் என் மனசு சொன்னது. ஈரக் கடலையை வாரிக்கொண்டே கும்பிட்டேன்.

ஆனால் காரணம் தெரிந்தால் போதுமா? அவளை எப்படி உட்கார வைப்பது? பாடப் புத்தகத்தை எடுத்தால் முகம் இறுகிவிடும். பக்கத்து வீட்டு ஈஸ்வரியிடம் ஒரு வாரப் பத்திரிகையை இரவல் வாங்கி வந்தேன். அதில் ஒரு தொடர்கதை.

"சுகந்தி, இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமே?"

"கண்ணாடி இல்லாம எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. கையும் வேலையா இருக்குதில்ல."

அது பொய் இல்லை. சலித்துக்கொண்டே எடுத்தாள். ஊட்டி பஸ்ஸில் தனியாகப் போகிற ஒரு பெண்ணின் கதை. இரண்டு பத்தி ஓட்டினாள்.

"ஆமா, எதுக்கு மேட்டுப்பாளையத்துலயே எறங்கிப் போட்டா?"

"எறங்கலியே."

"எறங்குனான்னு இப்பத்தான படிச்ச?"

"எங்க..." என்று பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இறங்கிவிடலாமா என்று நினைத்தாள், ஆனால் எழவில்லை." அந்த வரியை மறுபடியும் ஒரு தடவை படித்தாள். "நான் அதப் பாக்கல" என்றாள் மெதுவாக.

அன்றைக்கு ஒரு வழி செய்தோம். முற்றுப்புள்ளி வந்தால் ஒரு கடலையை முறத்தில் போட வேண்டும். போட்டுவிட்டு, அந்த வாக்கியம் சொன்னதை அவள் தன் பேச்சில் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்தால்தான் அடுத்தது. பத்தி முடிந்தால் போட்ட கடலையைத் தின்றுகொள்ளலாம். முதலில் கடலைக்காகத்தான் படித்தாள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரே வரியை மூன்று தடவை நான் திருப்பிக் கேட்டதும் பத்திரிகையை வீசி எறிந்தாள்.

"நான் முட்டாளுன்னு காட்டத்தான இப்படிக் கேக்கற? நெசமாச் சொல்லும்மா!"

"இல்ல சாமி. எனக்கு நெசமாவே புரியல. அந்தக் கெழவன் யாரு, இவ நெசமாவே திருடியா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

என் முகத்தையே பார்த்தாள். நான் பாசாங்கு செய்யவில்லை என்று தெரிந்திருக்கும். பத்திரிகையை எடுத்து நீவிவிட்டு, "எனக்குந்தான் புரியல. இரு, மொதல்ல இருந்து பாக்கலாம்" என்றாள். பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து, 'எனக்குப் புரியவில்லை' என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போது குடோனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தப் பொம்பள திருடி இல்ல. புருசங்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடறா."

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றார். இத்தனை நாளும் அந்தப் பக்கம் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறார்!

"எப்படிங்கப்பா சொல்றீங்க? அப்படி எங்கயும் போடலீங்களே?"

"தாலியக் கழட்டிக் கர்சீப்புல முடிஞ்சு பைக்குள்ள வெச்சிருக்கறான்னு நீதான படிச்ச? திருடினதா இருந்தா எதுக்கு அத எடுத்து எடுத்துப் பாத்து அழுவறா?"

சுகந்தி பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். தேடினாள். கண்டுபிடித்தாள். "ஆமாம்மா! இருக்குது!" என்று கத்தினாள். எழுதாததையும் படிக்கலாம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு அப்புறம் அவர் தினமும் வந்து கடலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அப்பனும் மகளும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் கடலை உரிக்க வேண்டும். பெரும்பாலும் அவர்தான் உரித்தார்.

கார்த்திகையில் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. தறி ஓடியது. மறுபடியும் அந்தச் சத்தம். முதல் நாள் சாயங்காலம் சுகந்தி பத்திரிகையை எடுத்தாள், வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாள். இரண்டாம் நாள் எடுக்கவே இல்லை.

பயந்துகொண்டே அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் தறிய நிறுத்தலாமுங்களா?"

"கிறுக்குப் புடிச்சிருச்சா? இத்தன நாள் நின்னது பத்தாதா? தறி நின்னா அடுப்பு நின்னு போகும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். மனசுக்குள் மட்டும், 'ஆத்தா, ஒரு தடவை நிறுத்தினாயே' என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். தறி ஒவ்வொன்றாக நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் முன்னறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் கையில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"படி அம்மணி. அந்தப் பொம்பள என்ன ஆனா?"

நான் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்தில் தறி நின்றது. பக்கத்துக் குடோன்காரர், "என்னுங்க, உங்க தறி சந்தியா வந்தனம் பண்ணுதா?" என்று கிண்டல் செய்தார். இவர் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

கதையிலிருந்து மெதுவாகப் பாடத்துக்கு வந்தாள். நாங்கள் சொல்லவில்லை, அவளே எடுத்தாள். கேள்வியின் மேல் விரலை வைத்துக் கடைசி எழுத்து வரைக்கும் நகர்த்துவாள். "அம்மா, கேள்வி ஏன்னு கேக்குது, எப்படின்னு கேக்கல" என்பாள். எனக்கு அந்தப் பாடமெல்லாம் தெரியாது. தெரியாததால் கேட்டேன். நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள்.

மார்கழியில் அரையாண்டுப் பரீட்சை. தமிழில் நல்ல மார்க். மற்றதிலும் பாஸ். இங்கிலீஷில் மட்டும் பெயில்.

அவர் மார்க் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொங்கல் முடிந்ததும் கண்ணம்மா அண்ணி வந்து இறங்கினார், கையில் புதுப் பாவாடை தாவணியோடு.

"பெயில்னா பெயில்தான தம்பி? ஒண்ணுல ஆனா என்ன, அஞ்சுல ஆனா என்ன? ஆத்தா முன்னால குடுத்த வாக்கு. மாத்தக் கூடாது."

அவரால் மறுக்க முடியவில்லை. தை முதல் வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். சுகந்தி எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

பூசாரி இரண்டு பூவையும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டார். எது எது என்று யாருக்கும் தெரியாது. பூ எடுக்க ஈஸ்வரியின் சின்ன மகளை அழைத்துப் போயிருந்தோம். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னன்னு கேக்கறதுங்க?" என்றார் பூசாரி.

அண்ணி முந்திக்கொண்டார். "எம் பையனுக்கும் இந்தப் புள்ளைக்கும் கல்யாணம் பண்ண உத்தரவான்னு கேளுங்க."

பூசாரி கண்ணை மூடினார். ஆத்தா, ஆத்தா என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே வரவில்லை.

"ஒரு நிமிசமுங்க" என்று ஒரு குரல். என் மகள்.

"அப்பா, நாம கேக்க வந்தது அதுங்களா? நான் படிக்கறதா, நிக்கறதான்னு கேக்கலாம்னு நீங்க சொன்னீங்க. அத்தை கேக்கறது ரமேசு மச்சானக் கட்டறதா, வேண்டாமான்னு. ரெண்டும் வேற வேற கேள்விங்கப்பா. இப்ப வெள்ளப் பூ வந்தா மச்சானக் கட்டலாம்னு மட்டுந்தான் அர்த்தம். இந்த மாசமே கட்டோணும்னு இல்ல. படிப்ப நிறுத்தோணும்னும் இல்ல. செவப்பு வந்தா மச்சான் வேண்டாம்னு அர்த்தம். நான் படிக்கலாம்னு அர்த்தம் இல்ல. எது வந்தாலும் நம்ம கேள்விக்குப் பதில் வராதுங்கப்பா."

நிறுத்தாமல், பதறாமல், கடைசி வரைக்கும் சொன்னாள்.

"ஏண்டி, வக்கீலுக்கா படிச்ச நீ?" என்றார் அண்ணி.

பூசாரி சிரித்துவிட்டார். "அம்மணி சொல்றது ரைட்டுத்தானுங்க. நான் இத்தன வருசமா பூ வெக்கறேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல. சரி, இப்ப எந்தக் கேள்விய வெக்கறதுங்க?"

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தையின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"வேண்டாமுங்க. பூவ எடுத்துருங்க. எனக்கு வேண்டிய பதில ஆத்தா இப்பத்தான் சொன்னா. இந்தப் புள்ள வாயில."

அண்ணிக்குப் பகீர் என்றது. "ஆத்தா காலடியில போட்ட பூவ எடுக்கறதா? தெய்வக் குத்தம் ஆயிரும் தம்பி!"

"இன்னும் கேள்வியே வெக்கலீங்களே. கேள்வி வெக்காத வரைக்கும் பூ வெறும் பூத்தானுங்க" என்றார் பூசாரி. பொட்டலங்களைப் பிரிக்காமலே எடுத்து, மற்ற பூக்களோடு சேர்த்து அம்மன் மேல் போட்டுவிட்டார். குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அன்றைக்கு எது வந்திருக்கும் என்று நான் இதுவரை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

பங்குனியில் நான் பூவோடு எடுத்தேன். ஊரே பார்த்தது. என் கால் நடுங்கவில்லை. கண்ணம்மா அண்ணி கோபத்தை மறந்து வந்து, மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு என் முன்னால் நடந்தார். ரமேசுக்குப் பிற்பாடு பல்லடத்தில் நல்ல இடத்தில் பெண் அமைந்தது. அந்தக் கல்யாணத்தில் சுகந்திதான் பந்தியில் நின்று ஓடி ஓடிப் பரிமாறினாள்.

பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் பாஸ் செய்தாள். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான். அதற்கு மேல் பன்னிரண்டும் முடித்து, இந்த வருஷம் கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது பொட்டலம் கட்டிய பேப்பரைக்கூட விட மாட்டாள், பிரித்துப் படிப்பாள். என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது அவரே பத்திரிகை வாங்குகிறார். எங்கள் தறி இன்றைக்கும் விளக்கு வைக்கிற நேரத்தில் நிற்கிறது. அன்று கிண்டல் செய்தாரே பக்கத்துக் குடோன்காரர், அவர் வீட்டிலும் ஒரு பையன் ஒன்பதாவது வந்திருக்கிறான். போன மாதத்திலிருந்து அவர் தறியும் அதே நேரத்தில் நிற்கிறது.

என் போன்ற தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். கும்பிட்டது பலிக்கவில்லையே, கஷ்டம்தானே கூடிக்கொண்டு போகிறது என்று நானும் ஆத்தாளைத் திட்டியவள்தான். கொஞ்சம் பொறுங்கள். அவள் ஒன்றை நிறுத்தினால், நாம் கேட்காத ஒன்றைக் கேட்க வைக்கத்தான் நிறுத்துகிறாள். உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படிப்பில்லையே என்று கூச்சப்படாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று கேளுங்கள். மற்றதை ஆத்தாளிடம் விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று பத்தாவது பொதுப் பரீட்சையின் முதல் நாள், தமிழ்ப் பரீட்சை. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிள்ளைகள் எல்லாம் கேள்வித்தாளைக் காற்றில் வீசிக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியாக, மெதுவாக, அதைப் படித்துக்கொண்டே நடந்து வந்தாள் என் மகள்.

"எப்படி கண்ணு எழுதின?" என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கேள்வியெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றாள்.